காதில் விழும் தமிழ், கண்ணுக்கு எட்டாத குறள்

பெங்களூர் மர்பி டவுனில் காலை நேரத்தில் தெருமுனையில் நின்றால் அரை மணி நேரத்தில் நான்கு மொழிகள் காதில் விழும். தண்ணீர்க் குழாயடியில் சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் பெரும்பாலும் தமிழ்தான்.

அல்சூர் ஏரிக்கும் இந்திரா நகருக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் இந்தக் குடியிருப்புக்கு ஒரு காலத்தில் நாக்ஸ்பேட்டை என்று பெயர். வெள்ளையர் ஆட்சியில், பெங்களூர் ‘சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷ’னின் பொறியாளராக இருந்த டபிள்யூ.எச். மர்பியின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்டோன்மென்ட் உருவானபோது பட்டாளத்தோடும், பட்டாளத்தை நம்பியும் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இன்றும் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. 1947 ஜூலையில் மைசூர் சமஸ்தானத்திடம் திரும்ப ஒப்படைக்கப்படும் வரை கன்டோன்மென்ட் தனி உலகம். அந்த உலகத்தின் பேச்சு மொழி இங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.

எழுத்துதான் மிச்சமில்லை. மர்பி டவுனில் வளரும் ஒரு பி.யு.சி. மாணவியை எடுத்துக்கொள்ளலாம். பெயர் எதுவானாலும் சரி, இவளைப் போல் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். வீட்டில் தமிழ். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், கொஞ்சம் இந்தி. மூன்று எழுத்தும் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் மட்டும் பேச வரும், படிக்க வராது. தமிழ் மீடியத்தில் ஐந்தாவதோடு நின்றுபோன பாட்டி தினத்தந்தியை எழுத்துக் கூட்டி வாசிக்க, கல்லூரிக்குப் போகும் பேத்தி உட்கார்ந்து கேட்பது இங்கே யாருக்கும் வினோதமாகப் படுவதில்லை. இப்படிப்பட்ட ஒருத்திக்குக் கலை எந்த வாசல் வழியாக வந்து சேர்கிறது?

முதல் வாசல், நடக்கும் தூரத்தில் இருக்கும் அல்சூர் சோமேஸ்வரர் கோயில். விஜயநகரப் பாணிக் கோபுரமும் தூண்களும் கெம்பே கவுடர் வம்சத்தின் காலத்தைச் சேர்ந்தவை என்பார்கள். அவளுக்கு அதெல்லாம் பொருட்டல்ல. கயிலாயத்தைத் தூக்கும் ராவணனின் சிற்பம் ஒன்று போதும். கதை ஏற்கெனவே பாட்டி சொன்னது, கல்லில் அதைச் சரிபார்த்துக்கொள்கிறாள். எத்தனை தலை செதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணுவதிலிருந்துதான் அவளது சிற்ப ரசனை ஆரம்பிக்கிறது. மோசமான ஆரம்பம் என்று சொல்ல முடியாது. தலைகளை எண்ணி முடித்தவள், அவ்வளவு பாரத்தைத் தூக்குபவனின் முழங்கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று அடுத்த முறை பார்ப்பாள்.

சித்திரையில் பூப்பல்லக்குகள் வரும் இரவில் ரசனை பற்றிய பேச்சே எழாது. கூட்டம் நகர்த்தும் பக்கம் நகர வேண்டியதுதான். மேளச் சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சில் விழுகிறது. செப்டம்பரில் சிவாஜி நகர் மாதா கோயில் திருவிழாவிலும் இதே கதை. இந்த இரண்டிலும் அவள் பார்வையாளர் அல்ல, பங்குதாரர்.

சினிமா வேறு ரகம். வசனம் ஒன்று விடாமல் புரியும். சென்னைக்காரர்கள் சிரிக்காத இடத்தில் கூடச் சிரிப்பாள். ஆனால் போஸ்டரில் படத்தின் பெயரை நடிகரின் முகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெங்களூர்த் தமிழருக்கு சினிமாவோடு ஓர் உதறலும் கூடவே வரும். காவிரியில் தண்ணீர் குறைந்தால் இங்கே முதலில் காணாமல் போவது தமிழ்ப் படம். 1991 டிசம்பரில் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் மூண்ட கலவரத்தை அவளுடைய அப்பா பார்த்திருக்கிறார். 2000இல் ராஜ்குமார் வீரப்பனிடம் பிணையாக இருந்த மாதங்களையும் மறக்கவில்லை. 2018இல் ‘காலா’வைத் திரையிட எதிர்ப்பு கிளம்பி விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனபோது அவளுக்கே விவரம் தெரியும் வயது. அந்தப் படத்தின் நாயகன், இதே ஊரில் பஸ் கண்டக்டராக டிக்கெட் கிழித்தவர்.

அரண்மனை சாலையில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்துக்குக் கல்லூரியிலிருந்து அழைத்துப் போனால் ஒழிய இவள் போவது அபூர்வம். 2009 பிப்ரவரியில் அது திறக்கப்பட்ட மாளிகை, சுரங்கத் தொழிலில் பணம் பண்ணிய மாணிக்கவேலு முதலியாருடையது என்பது மர்பி டவுனில் பலருக்குத் தெரியாது. வாசலைத் தாண்டும்போது இருக்கும் கூச்சம் உள்ளே போனதும் குறைந்துவிடுகிறது. காரணம் எளிது. உருவமே இல்லாத ஓவியத்தின் முன்னால் ஆங்கில மீடியம், தமிழ் மீடியம் எல்லாரும் ஒரே மாதிரிதான் விழிக்கிறார்கள். தனக்கு மட்டும் புரியவில்லை என்ற பயம் போன பிறகுதான் நிறத்தைப் பார்க்க முடிகிறது.

கப்பன் பூங்காவை ஒட்டிய அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ள ஒரு கல்லுக்கும் அந்த குணம் உண்டு. மண்டியா பக்கத்து ஆதகூரிலிருந்து வந்த 10ஆம் நூற்றாண்டு நடுகல் அது. மணலேரன் என்ற வீரன் பரிசாகப் பெற்ற காளி என்ற வேட்டை நாய், காட்டுப் பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. நாய்க்காக நட்ட கல். அதே கல்லில், 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தனை கங்க மன்னன் பூதுகன் கொன்ற செய்தியும் இருக்கிறது. தமிழ்ப் பெண்ணுக்கு இதில் வருத்தப்பட நியாயம் உண்டுதான். அவளுடைய கண்ணோ நாயைவிட்டு நகராது. பழங்கன்னட எழுத்து, கன்னடம் சரளமாகப் படிக்கும் அவளுக்கும் புரியாது, அவளுடைய கன்னடத் தோழிக்கும் புரியாது. பன்றியின் மேல் பாயும் நாய் இருவருக்கும் புரிகிறது.

இத்தனையும் தாண்டி அவளை ஓரிடத்தில் தடுத்து நிறுத்துவது வீட்டுக்கு அருகிலேயே, அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் திருவள்ளுவர் சிலை. 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் 1991இல் சிலை தயாராகிவிட்டது. திறக்கத்தான் முடியவில்லை. கன்னட அமைப்புகளின் எதிர்ப்பும், அந்த ஆண்டே வெடித்த காவிரிப் பிரச்னையும் சேர்ந்துகொள்ள, 18 ஆண்டுகள் சிலை மூடியே நின்றது. குறளை எழுதியவருக்கு எதிராக யாருக்கும் எதுவும் இல்லை. அவர் எழுதிய மொழிதான் சிக்கல். கடைசியில் ஓர் ஏற்பாடு. 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா உடனிருக்க கருணாநிதி இங்கே வள்ளுவரைத் திறந்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டடிக்காரருக்கு ஈடாக மூன்றடிக்காரர். கலையின் கணக்கில் இது பண்டமாற்றாகத் தோன்றலாம். ஆனால் ஏரிக்கரையில் குடியிருப்பவர்களுக்கு அதுவே நிம்மதி.

அன்று கைக்குழந்தையாக இருந்தவளுக்கு மூடிய சிலை நினைவில் இல்லை. வள்ளுவரின் தாடியும் கொண்டையும் ஓலையும் எங்கிருந்தோ வழிவழியாக வந்தவை என்றே நினைக்கிறாள். 20ஆம் நூற்றாண்டில் ஓவியர் வேணுகோபால் சர்மா கற்பனையில் வரைந்த முகம் என்றால் நம்பமாட்டாள். கல்லையும் மேளத்தையும் நவீன ஓவியத்தையும் தன் போக்கில் வாங்கிக்கொண்ட பெண், இங்கே மட்டும் பாட்டியைத் தேடுகிறாள். மற்ற சிலைகள் தங்களைத்தான் காட்டுகின்றன. இந்தச் சிலை ஒரு புத்தகத்தைக் காட்டுகிறது. அந்தப் புத்தகத்தை அவளால் ஆங்கிலத்தில் படிக்க முடியும், கன்னட மொழிபெயர்ப்பிலும் படிக்க முடியும்.

தமிழ்ச் சங்கம் தமிழ் கற்பிக்கும் வகுப்புகளும் நடத்தி வந்திருக்கிறது. நடந்துபோகிற தூரம். ஆனால் பதினேழு வயதில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து ‘அ’ போட வேண்டுமே என்ற கூச்சம் லேசானதல்ல. “நீயே சொல்லிக் குடேன் பாட்டி” என்று கேட்கலாம். “எனக்கே எழுத்துக் கூட்டித்தாம்மா வருது” என்றுதான் பதில் வரும். தினத்தந்தியை மடித்துப் பேத்தியின் பக்கம் தள்ளிவிட்டு, தலைப்பில் முதல் எழுத்து எதுவென்று பாட்டி கேட்கிறாள்.