படிவதும் படிப்பதும்

தமிழில் ‘படி’ என்னும் வினைக்கு இரண்டு முகங்கள். தூசு படிகிறது, வண்டல் படிகிறது, நூலையும் படிக்கிறோம். இவ்விரண்டும் ஒரே ஒலியில் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பவளப்பாறைகளின் தோற்றம் குறித்துச் சில மாதங்களாக வாசித்துவரும் எனக்கு, ஓர் அறிவுத்துறையின் வரையறையே அச்சொல்லுக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. கடலடியில் படிந்ததைப் படிப்பதே அத்துறை.

டார்வின் என்றதும் நமக்குப் பரிணாமம் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே, 1842இல், அவர் பவளப்பாறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எரிமலைத் தீவு மெல்ல அமிழ்கிறது. அதன் விளிம்பில் வாழும் பவள உயிரிகள், ஒளியை நாடி, தம் முன்னோரின் சுண்ணாம்புக் கூடுகள்மீதே மேலெழும்புகின்றன. தீவு மறைந்தபின் பவள வளையம் மட்டும் எஞ்சுகிறது. இதுவே அவருடைய கருத்து. உண்மையான பவளப்பாறை ஒன்றைக் காணுமுன்பே, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தபோதே, இதனைச் சிந்தித்து முடித்துவிட்டதாகத் தம் சுயசரிதையில் அவர் குறிப்பிடுகிறார்.

சிந்தனை அழகாக இருந்தால் மட்டும் போதுமா? சாலஞ்சர் கப்பலில் உலகக் கடல்களைச் சுற்றிவந்த ஜான் மர்ரே 1880இல் மறுத்தார். நிலம் அமிழ வேண்டியதில்லை. கடலடி மேடுகளில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உயர்ந்தாலே பவளத்துக்கு அடித்தளம் கிடைத்துவிடும் என்றார் அவர். இறப்பதற்கு ஓராண்டு முன், 1881இல், அலெக்சாண்டர் அகாசிஸுக்கு டார்வின் எழுதிய கடிதத்தில் ஓர் ஏக்கம் தெரிகிறது. பெருஞ்செல்வர் எவரேனும் பவளத்தீவுகளில் 500, 600 அடி துளையிட்டு மாதிரி கொண்டுவர மாட்டாரா என்பதே அது.

1896 முதல் 1898 வரை ஃபுனாஃபுட்டியில் துளையிட்டார்கள். 1,114 அடி சென்றும் சுண்ணாம்புப் பாறையே வந்தது; வழக்கு முடியவில்லை. 1952இல் எனிவெடாக் தீவில் இரு துளைகள் 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறையைத் தொட்டன. அதன்மேல் இருந்தவை யாவும் ஆழமற்ற நீரில் உருவான சுண்ணாம்புப் படிவுகள். அவற்றின் அடிப்பகுதிக்கு வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள். டார்வின் வென்றார். ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் அளித்தது அவர் எதிர்பார்த்த செல்வர் அல்லர், அணுகுண்டுத் திட்டம். அதே ஆண்டு நவம்பரில், அதே பவள வளையத்தின் எலுகலாப் என்னும் தீவு, ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் இல்லாமலே போயிற்று. இவ்விரு செய்திகளையும் தனித்தனியே வாசிக்க என்னால் இயலவில்லை.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் கதை வேறு. 1990இல் அதன் அருகே கடலடியிலும், பின்னர் திட்டின்மீதும் துளையிட்டுப் பெற்ற படிவுகள், அது ஏறக்குறைய 5 முதல் 7 இலட்சம் ஆண்டு வயதே ஆன இளைய படைப்பு என்று காட்டின. ஏன் இத்தனை தாமதம்? 2022இல் வெளியான ஓர் ஆய்வு, தெற்கே உள்ள க’காரி என்னும் மணல்தீவைச் சுட்டுகிறது. கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை அத்தீவு ஆழ்கடலுக்குத் திருப்பிவிட்டதாம். மணல் நின்றது, நீர் தெளிந்தது, பவளம் வந்தது. கடலடிப் படிவிலும் மணலின் ஆட்சி ஓய்ந்து சுண்ணாம்பின் ஆட்சி தொடங்குகிறது. பவளத்தைத் தடுத்ததும் படிவுதான். அந்தத் தடை நீங்கியதற்குச் சாட்சி சொல்வதும் படிவுதான்.

இதையெல்லாம் நான் வியந்து சொல்லக் கேட்ட நண்பர் ஒருவர், 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வை நினைவூட்டினார். கடந்த 30,000 ஆண்டுகளில் அத்திட்டு ஐந்து முறை மடிந்து மீண்டிருக்கிறது. “பிறகு ஏன் இவ்வளவு கவலை?” என்றார். கடல் தாழ்ந்தபோது வெயிலில் காய்ந்தும், உயர்ந்தபோது மூழ்கியும், வண்டல் மிகுந்து மூச்சடைத்தும் அது மடிந்தது உண்மையே. ஆனால் அந்த மீட்சிகளுக்கு நூற்றாண்டுகளும் ஆயிரமாண்டுகளும் தேவைப்பட்டன. 2016, 2017, 2020, 2022, 2024 எனப் பவளம் வெளிறிய ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். இடைவெளியை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீண்டது என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, எத்தனை காலத்தில் மீண்டது என்பதை விட்டுவிடுவது, செய்யுளின் ஓரடியைப் பிய்த்தெடுத்துப் பொருள் சொல்வதை ஒக்கும். இலக்கியம் வாசிக்கிற நாம் அந்தப் பிழையை நன்கறிவோம்.

டார்வினின் கேள்விக்கு விடை வர 110 ஆண்டுகள் ஆயின. அதுவரை பவளம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இனி அவ்வாறு காத்திருக்கும் என்று கடலடிப் படிவு எதுவும் நமக்கு வாக்களிக்கவில்லை.