நெருப்புப் பள்ளத்தாக்குக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு



இன்ஷா அல்லாஹ், இந்த நவம்பர் நடுவில் நாங்கள் குடும்பத்தோடு நெவாடா மாநிலத்திலுள்ள வேலி ஆஃப் ஃபயர் பூங்காவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். லாஸ் வேகாஸ் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நாற்பதாயிரம் ஏக்கருக்கும் மேலாகப் பரந்து கிடக்கும் செந்நிறப் பாறைகளின் பூமி அது. 1935இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நெவாடாவின் மாநிலப் பூங்காக்களில் அதுவே மூத்தது. பெயரின் பொருளைக் கேட்டதும் எங்கள் அத்தா, "நெருப்புப் பள்ளத்தாக்கா? பேரே சரியில்லையே தம்பி" என்றார். எங்களில் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். ஆயினும் இந்த வீட்டில் அனைவருக்கும் அவர் அத்தாதான். பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் நன்னா.

பெயரைப் பற்றி எங்களுக்கும் ஓர் அச்சம் இருந்தது. அதற்குக் காரணம் வேறு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாதத்தில், உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்காக லாஸ் வேகாஸ் சென்றிருந்தோம். மறுநாள் சாவகாசமாக நாஷ்டா முடித்து, "பக்கத்தில்தானே, பார்த்துவிட்டு வருவோம்" என்று புறப்பட்டோம். பூங்காவை அடைந்தபோது மணி பதினொன்றரை. காரின் வெப்பமானி 108 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நம் கணக்கில் 42 டிகிரி. கையில் ஆளுக்கு ஓர் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி. நாங்கள் தேர்ந்த மவுசஸ் டேங்க் பாதை போய்வர 1.2 கிலோமீட்டர்தான். அவ்வளவு தூரத்தை ஊரில் பள்ளிவாசலுக்கு நாள்தோறும் நடந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்தப் பாதை முழுவதும் மணல். ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். இருபுறமும் நிற்கும் பாறைச் சுவர்கள் அடுப்புக் கல்லைப் போல வெப்பத்தைத் திருப்பி நம் மேலேயே வீசும்.

அப்போது எங்கள் மகனுக்கு ஏழு வயது. திரும்பும் வழியில் அவன் பேச்சை நிறுத்தினான். அவன் பேசாமல் இருக்கும் பிள்ளையல்லன். சற்று நேரத்தில் வாந்தி எடுத்தான். தூக்கிக்கொண்டு ஓடினோம். புட்டிகள் எப்போதோ காலியாகியிருந்தன. வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு வேனில் வந்திருந்த வெள்ளைக்கார முதிய தம்பதியர் எங்கள் முகத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்டனர். ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி அவன் கழுத்திலும் அக்குளிலும் வைத்தனர்; தண்ணீரைச் சிறுகச் சிறுகப் பருகச் செய்தனர். ஒரு மணி நேரத்தில் பிள்ளை தெளிந்தான், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பதற்றத்தில் அவர்கள் பெயரைக் கேட்கவும் மறந்துபோனோம். இன்றும் துஆவில் அவர்களை "அந்த வேன்காரர்கள்" என்றே குறிப்பிடுகிறோம்.

பின்னர்தான் படித்து அறிந்தோம். அப்பூங்காவின் கிழக்கு வாயிலுக்கு அருகே ஒரு சிறு நினைவுச் சின்னம் நிற்கிறது. ஜான் கிளார்க் என்ற முதியவருடையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சார்ஜென்டாக இருந்தவர். குதிரை வண்டியில் சால்ட் லேக் சிட்டி நோக்கிச் சென்றவர் இங்கே நின்றுவிட்டார், குதிரையை வண்டியோடு கட்டிவிட்டுக் கால்நடையாகப் புறப்பட்டிருக்கிறார், தாகத்தால் இறந்தார். அது 1915ஆம் ஆண்டு ஜூன் மாதம். எங்கள் பிள்ளை வாந்தி எடுத்ததும் ஜூன் மாதத்தில்தான். அதைப் படித்த இரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

எனவே இம்முறை மாதத்தை முதலில் தீர்மானித்தோம். கோடையில் நீண்ட நடைபாதைகள் பலவற்றை வெப்பத்தின் காரணமாகப் பூங்கா நிர்வாகமே மூடிவிடுகிறது. நவம்பரில் பகல் இதமானது, இரவு குளிர். ஆனால் பொழுது குறுகியது: மாலை நான்கரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். முகாமில் தங்காதவர்கள் மறைவதற்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. முதல் நாள் லாஸ் வேகாஸில் தங்கி, ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்படுவதென முடிவாயிற்று.

இந்தத் திட்டத்தில் அத்தாவும் அம்மாவும் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து ஆறு மாதத் தங்கலுக்கு வந்திருக்கும் அவர்களை அன்றைய பகலில் ஓட்டல் அறையில் விட்டுச் செல்வதாக நாங்களே முடிவு செய்திருந்தோம். அத்தாவுக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை, முழங்கால் வலி. காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் நலனுக்காகத்தான் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் இரவு உணவுக்குப் பிறகு வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். தஸ்பீஹ் உருட்டியபடி இருந்த அத்தா நடுவில் கேட்டார்: "தண்ணி எவ்வளவு எடுக்குறீங்க?"

"ரெண்டு டஜன் பாட்டில் அத்தா."

"பாட்டில் கணக்கு வேணாம். லிட்டர் சொல்லுங்க."

அரை லிட்டர்ப் புட்டிகள் இருபத்து நான்கு என்றால் பன்னிரண்டு லிட்டர். அவர் சிரித்தார். சவூதியில், தபூக்கில், பத்தொன்பது ஆண்டுகள் சரக்கு லாரி ஓட்டியவர் அவர். பாலைவனத்தைப் பற்றிக் கணினியில் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு, பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தவரைக் கேட்கத் தோன்றவில்லை. குடிக்கும் தண்ணீர் தனி, உளூவுக்குத் தனி, வண்டிக்குத் தனி என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பெரிய கேனில் வைக்கக் கூடாது, அது ஓட்டையானால் எல்லாம் போயிற்று. இவை அவர் கணக்கு. இக்காலக் கார்களுக்கு அப்படித் தண்ணீர் ஊற்றுவதில்லை நன்னா என்று மகள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. பாலைநிலத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றே குறைவு, என்பதே இங்குள்ளோர் தரும் பொது அறிவுரை. அத்தாவின் கணக்கும் ஏறத்தாழ அங்கேயே வந்து நின்றது.

"அத்தா, நீங்களும் அம்மாவும் வாங்க" என்றோம். அப்போதுதான் அழைத்தோம். அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மகளின் கைப்பேசியில் படங்களைப் பார்த்தார். குடைந்தது போன்ற குகைகள், செந்நிறச் சுவர்கள், பாறையில் செதுக்கிய உருவங்கள். அவர் முகம் மாறியது. "இது யாரோட ஊரு? அழிஞ்ச கூட்டமா?" என்று கேட்டார். மதாயின் ஸாலிஹ் பக்கமாக எத்தனையோ முறை சரக்கு ஏற்றிச் சென்றிருக்கிறார். ஒரு முறையும் வேடிக்கை பார்க்க இறங்கியதில்லை. ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடக்கையில் அழுதவர்களாகக் கடக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்தது நாம் அனைவரும் அறிந்ததே. அதே நிறப் பாறையின் முன் நின்று படம் பிடிக்க அவர் மனம் ஒப்பவில்லை.

எங்களுக்கு இது தோன்றியதே இல்லை. எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். வேதனை இறங்கியதென அறியப்பட்ட இடங்களுக்கே அந்த எச்சரிக்கை. பாறை சிவப்பாக இருப்பது ஒரு சான்றாகாது என்றார். அத்தாவை அமைதிப்படுத்தியது அதுமட்டுமன்று. அங்கே வாழ்ந்தவர்கள் அழிந்துபோகவில்லை என்ற செய்தி அவருக்குப் புதிது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய செதுக்கல்களை விட்டுச் சென்றோர் பழங்குடி முன்னோர். அவர்களுக்குப் பின் அந்நிலத்தில் வாழ்ந்த தெற்குப் பையூட் மக்கள் இன்றும் அருகிலேயே, மோவாபாவில், தங்கள் நிலத்தில் வாழ்கிறார்கள். பூங்காவுக்குத் திரும்பும் நெடுஞ்சாலை முனையில் நாங்கள் பெட்ரோல் நிரப்பப்போவதும் அவர்களுடைய நிலையத்தில்தான். மவுசஸ் டேங்க் என்ற பெயரும் 1890களில் அங்கே ஒளிந்திருந்த மவுஸ் என்ற பையூட் மனிதரால் வந்தது. டேங்க் என்பது மழைநீர் தேங்கும் பாறைக் குழி. ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவே மழை பெய்யும் பூமியில் ஒருவர் ஒளிந்து வாழ முடிந்ததென்றால், அந்தக் குழியை அறிந்திருந்ததால்தான். "அப்ப தண்ணி இருக்குற இடம் தெரிஞ்ச ஆளு" என்றார் அத்தா, தன் தொழில்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுவது போல.

அதன் பிறகு அவரே ஆர்வமாகிவிட்டார். பாறையின் வண்ணங்களைப் பற்றி மகள் அவருக்குப் படித்துச் சொன்னாள். ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகிப் பாறையானவை. மணலிலுள்ள இரும்பு துருவேறியதால் சிவப்பு. நிலத்தடி நீர் அந்த இரும்பைக் கரைத்துக்கொண்டு போன இடங்கள் வெளுத்துவிட்டன. வைட் டோம்ஸ் பகுதி அத்தகையது. பாறையின் மேற்பரப்பில் மாங்கனீசும் இரும்பும் மிக மெல்லிய கரும்பூச்சாகப் படிகின்றன. அக்கரும்பூச்சைக் கொத்தி எடுத்துத்தான் பழங்குடியினர் ஆடுகளையும் மனிதர்களையும் வரைந்தனர். வெள்ளை, சிவப்பு, கருமை. கேட்டுக்கொண்டிருந்த அத்தா எழுந்து சென்று முஸ்ஹஃபை எடுத்து வந்து சூரா ஃபாத்திரின் 27ஆம் வசனத்தை விரித்தார். மலைகளில் அல்லாஹ் அமைத்த வெண்மையும் செம்மையும் கருமையுமான கீற்றுகளைப் பேசும் வசனம் அது. எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். மூன்று நிறமும் ஒரே பாறையில் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

இனித் தொழுகை நேரம். எங்கள் வீட்டில் இரண்டு மத்ஹபுகள். ஷாஃபிஈ முறையைப் பின்பற்றுவோர் பயணத்தில் ளுஹரையும் அஸரையும் சுருக்கி, ஒரே வேளையில் சேர்த்துத் தொழுதுவிடலாம். அத்தாவும் அம்மாவும் ஹனஃபீ, சுருக்குவார்கள், சேர்க்கமாட்டார்கள். அவர்களுடைய அஸர் நேரமும் பிந்தியது. அந்நாளில் ளுஹர் பதினொன்றரை அளவில், ஹனஃபீ அஸர் மூன்று மணிக்குச் சற்று முன்பு, மஃரிப் நான்கரைக்கு. ஒரு நிறுத்தம் போதும் என்று போட்ட திட்டத்தை இரண்டு நிறுத்தங்களாக மாற்றினோம். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால், அந்த இரண்டாம் நிறுத்தம் பிள்ளைகளுக்கும் முழங்கால்களுக்கும் நல்ல ஓய்வாக அமைந்துவிட்டது. மஃரிப் பூங்காவுக்கு வெளியே, கிழக்கு வாயிலைக் கடந்த பிறகு. கிப்லா வடக்கிலிருந்து சற்றே கிழக்காகச் சாய்ந்தது. ஊரின் மேற்கைப் பழகிய அத்தாவுக்கு இங்கே வந்து இரண்டு மாதமாகியும் அது விந்தையாகவே இருக்கிறது.

தண்ணீர் குறைந்தால் தயம்மும் எதில் என்ற பேச்சும் எழுந்தது. ஹனஃபீகளுக்குப் பாறையே போதும், ஷாஃபிஈகளுக்குத் தூசி வேண்டும். அங்கே தூசிக்கு என்ன குறை என்று அம்மா முடித்து வைத்தார்கள்.

காலை எட்டு மணிக்கு மேற்கு வாயில். வெளிமாநில வாகனத்துக்குக் கட்டணம் 15 டாலர். முதலில் அட்லாட்டல் பாறை: ஈட்டி எறியும் பழங்காலக் கோலின் உருவம் செதுக்கப்பட்ட இடம். இரும்புப் படிக்கட்டு ஏற வேண்டும் என்பதால் அத்தா கீழிருந்தே பார்ப்பார். செதுக்கல்களைத் தொடக் கூடாது, கைபட்டால் அழியும் என்று மகனிடம் மூன்று முறை சொல்லியாயிற்று. பிறகு பார்வையாளர் மையம். கழிப்பறையும் தண்ணீரும் அங்கே கிடைக்கும். வைட் டோம்ஸுக்குப் பிள்ளைகளோடு எங்களில் ஒருவர் மட்டும் நடப்பார், மற்றவர் பெரியவர்களோடு நிழலில் இருப்பார். மவுசஸ் டேங்க் போவதா என்பதை மகனிடமே விட்டிருந்தோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "நன்னா வந்தா போறேன்" என்றான். அத்தா தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார். மணலில் பாதி தூரம் வரை, உட்காரும் ஸ்டூலோடு, என்று உடன்பாடாயிற்று.

நேற்று ஐந்து லிட்டர் கேன்கள் ஏழு வாங்கி வந்தோம். குடிக்க ஐந்து, உளூவுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. அத்தா ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, தலைகீழாகக் கவிழ்த்து, மூடி கசிகிறதா என்று பார்த்தார். பிறகு எட்டாவதாக ஒன்று வாங்கி வரச் சொன்னார். எதற்கு என்று கேட்டோம்.

"அந்த வேன்காரங்க கொண்டு வந்திருந்தாங்கள்ல" என்றார்.

வண்டியின் பின்புறத்தில் அதற்கு இடமில்லை. ஒரு பெட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும்; யாருடைய பெட்டி என்பது இன்னும் முடிவாகவில்லை.