ஜூன் மாதத்துத் தீர்ப்புகள்

ஜூன் பிறந்துவிட்டால் மெல்பர்னில் எல்லோரும் வாத்தியார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர், சந்துமுனைக் கடையில் காபி போடுபவர், ஆபீஸில் பிரிண்டரை ரிப்பேர் பார்க்க வந்தவர் என்று யாரைக் கேட்டாலும் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆட்டக்காரர்களின் விடைத்தாளைத் திருத்திக் கையில் வைத்திருப்பார். “போன வருஷம் என்னமாய் ஆடினான், இந்த வருஷம் ஆளையே காணோமே” என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், மதிய இடைவேளை முடிந்த மாதிரிதான். மார்ச்சில் தொடங்கும் சீசன் செப்டம்பர் கடைசியில் இறுதிப்போட்டியோடு முடியும். நடுவில் அணிகள் முறைவைத்து ஒரு வாரம் ஓய்வெடுக்கிற சமயத்தில் பத்திரிகைகளும் டிவிக்காரர்களும் அரையாண்டு மதிப்பெண் பட்டியல் போடுவார்கள். யாரும் கேட்காமலே ஓர் ‘ஆல் ஆஸ்திரேலியன்’ அணியையும் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அந்த அணி எங்கும் ஆடப்போவதில்லை. ஆனால் அதில் யார் பெயர் விட்டுப்போனது என்று ஒரு வாரம் சண்டை நடக்கும்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். பந்து முட்டை வடிவம். ஆடுகளம் கிரிக்கெட் மைதானம். பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் தட்டிவிடலாம், எறியக்கூடாது. எதிரணி முனையில் நடுவில் இருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. 15 மீட்டருக்குக் குறையாமல் பறந்து வந்த உதையைத் தரையில் படுமுன் பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவர் யாருடைய தொந்தரவும் இல்லாமல் நிதானமாக உதைக்கலாம். ஆஃப்சைடு கிடையாது. ஆகவே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது 36 பேரும் மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், ஓடலாம். டிவி மட்டும் பந்து இருக்கும் இடத்தைத்தான் காட்டும்.

உதையையும் கைத்தட்டலையும் சேர்த்து ‘டிஸ்போசல்’ என்று எண்ணுகிறார்கள். அரையாண்டுத் தீர்ப்புகள் பெரும்பாலும் இந்த எண்ணைக் கட்டிக்கொண்டுதான் அழுகின்றன. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எண்களிடம் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் ஒரு பேட்ஸ்மேன் அடித்த 50 ரன்னை அவர் கணக்கிலிருந்து யாரும் பிடுங்க முடியாது. அணியின் மொத்தத்தில் அது அப்படியே ஏறும். ஃபுட்டியில் 30 டிஸ்போசல் எடுத்தவர் அணிக்கு என்ன சேர்த்தார் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. பின்வரிசையில் ஆள் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு பக்கவாட்டில் மாற்றி மாற்றி உதைத்தாலும் எண்ணிக்கை ஏறும். ரசிகர்கள் கற்பனை அணி கட்டி ஆடும் ஃபேண்டசி ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள்: உதைக்கு 3, மார்க்குக்கு 3, கைத்தட்டலுக்கு 2, டேக்கிளுக்கு 4, கோலுக்கு 6. எதிரி பக்கத்திலேயே இல்லாதபோது ஒரு சின்ன மார்க் பிடித்து, பக்கத்தில் நிற்பவருக்கு உதைத்தால் 6 புள்ளி வந்துவிடும். மழையில் சேற்றில் விழுந்து புரண்டு ஒருவரை மடக்கிப் பிடித்தால் 4.

என் கட்சி இதுதான்: ஜூன் மாதத்தில் ‘ஃபார்ம்’ என்று நாம் பேசுவதில் பாதி, கோச் அந்த ஆளுக்குக் கொடுத்திருக்கும் வேலை. வேலை மாறினால் எண் மாறும். ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது, அல்லது ஞானோதயம் வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சிட்னி ஸ்வான்ஸின் ஐசக் ஹீனி நல்ல உதாரணம். பல ஆண்டுகளாக அவரை முன்வரிசைக்காரராகத்தான் தெரியும். பிறர் தோள் உயரத்துக்கு எகிறி மார்க் பிடிப்பவர், கோல் அடிப்பவர். 2024 தொடக்கத்தில் சிட்னியின் நடுக்கள அனுபவசாலிகள் சிலர் ஆட முடியாத நிலை. ஹீனியை நடுக்களத்துக்கு இழுத்தார்கள். ஆட்டத்தைத் தொடங்க நடுவர் பந்தைத் தரையில் குத்தி எழுப்பும் ‘பவுன்ஸ்’ இடத்திலேயே நின்றார், பந்து அவரைத் தேடி வந்தது. சீசன் பாதியைத் தாண்டும்போது, லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் அவருக்குத்தான் என்று பேச்சு. ஒரே ஆள், அதே கால்கள். முந்தைய ஆண்டு சுமாராக ஆடினார், இப்போது பிரமாதம் என்றால் அது முழுக் கணக்கு இல்லை. (ஜூலையில் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரைக் கை வீசி அடித்ததற்காக ஒரு போட்டித் தடை வந்தது, தடை வாங்கியவருக்கு அந்தப் பதக்கம் கிடையாது என்பதால் அந்தப் பேச்சும் அடங்கிப்போனது.)

எதிர்ப்பக்க உதாரணம் காலிங்வுட்டின் நிக் டேய்கோஸ். 2023 ஆகஸ்டில் ஹாதோர்ன் அணி ஃபின் மகின்னஸ் என்பவரை அவருக்கு ‘டேகர்’ ஆக வைத்தது. டேகருக்குப் பந்து பற்றிய கவலை இல்லை. ஒரு ஆளுடன் ஒட்டிக்கொண்டு, அவர் போகும் இடமெல்லாம் போய், அவர் ஓட நினைக்கும் வழியில் முதலில் நிற்பதே வேலை. அன்று டேய்கோஸுக்குக் கிடைத்தது 5 டிஸ்போசல். வழக்கமாக முதல் கால் பகுதியிலேயே அதைத் தாண்டிவிடுபவர். முழங்காலிலும் அடி, லீக் சுற்றில் மிச்சமிருந்த மூன்று ஆட்டங்களும் போயின. பிரவுன்லோவில் 31 வாக்கு வாங்கிய லாக்கி நீலுக்கு மூன்று வாக்கு பின்னால் நின்றார். அந்த 5 என்ற எண்ணை டேய்கோஸின் பெயருக்கு எதிரே எழுதுகிறோம். நியாயமாகப் பார்த்தால் அதை மகின்னஸின் பெயருக்கு நேரே எழுத வேண்டும். எந்தப் பட்டியலிலும் அதற்குக் கட்டம் இல்லை.

பின்வரிசைக்காரர்களுக்குக் கதை இன்னும் மோசம். எம்சிஜி எனும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் அவர்கள் தொழில் புரியும். நடுக்களத்திலிருந்து உயரமாக ஓர் உதை வருகிறது. கீழே முன்வரிசைக்காரரும் பின்வரிசைக்காரரும் பந்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். பின்வரிசைக்காரர் தள்ளினால் ஃப்ரீ கிக் போய்விடும், ஆகவே தள்ளமாட்டார். இடுப்பை மட்டும் எதிராளியின் இடுப்போடு லேசாகச் சேர்த்து அழுத்துவார். அந்த ஆள் பந்து விழும் இடத்திலிருந்து அரை அடி நகர்ந்துபோவார். பிறகு இரண்டு பேரும் எகிறுவார்கள். நான்கு கைகள் விரிந்திருக்க, ஐந்தாவதாக ஒன்று முளைத்த மாதிரி பின்னாலிருந்து ஒரு முஷ்டி வந்து பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே குத்திவிடும். கூட்டம் “ச்ச” என்று உட்காரும். குறிப்பேட்டில் ‘ஸ்பாயில் 1’ என்று ஏறும். டிஸ்போசல் பூஜ்யம். அந்த இடுப்பழுத்தத்துக்கு எண்ணே கிடையாது. பிரிஸ்பேனின் ஹாரிஸ் ஆண்ட்ரூஸ், கார்ல்டனின் ஜேக்கப் வைட்டரிங் போன்றவர்கள் இந்தக் காரியத்தை வாராவாரம் செய்கிறார்கள். அவர்களுடைய ஃபார்மை அளக்க ஒரே வழி, அன்று அவர்களுக்கு எதிரே நின்றவர் எத்தனை கோல் அடித்தார் என்று பார்ப்பதுதான்.

பிரவுன்லோவுக்கு ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் 3, 2, 1 என்று மூன்று பேருக்கு வாக்களிக்கிறார்கள். பந்துக்குப் பின்னாலேயே ஓடும் நடுவர் கண்ணில் பந்து வைத்திருப்பவர்தான் படுவார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முழுநேர முன்வரிசைக்காரர் ஒருவர் அந்தப் பதக்கத்தை வாங்கியது 1987-இல், செயின்ட் கில்டாவின் டோனி லாக்கெட். அதையும் ஹாதோர்னின் ஜான் பிளாட்டனுடன் பகிர்ந்துகொண்டார். கோச்சுகள் போடும் வாக்கு எனக்கு இதைவிட நம்பிக்கையானது. இரண்டு அணியின் கோச்சும் தனித்தனியாக 5 முதல் 1 வரை ஐந்து பேருக்குக் கொடுப்பார்கள். யாருக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது என்று தெரிந்தவர்கள் போடும் மதிப்பெண் அது. எதிரணி கோச் கொடுக்கும் 5-க்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன்.

முன்வரிசைக்காரர்கள் விஷயத்தில் இன்னொரு அநியாயம் நடக்கிறது. கோல் அடிப்பவருக்குப் பந்து வர வேண்டுமே. நடுக்களம் தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் எத்தனை பெரிய கொம்பனும் இரண்டு கோலோடு வீட்டுக்குப் போவார். பழைய ஆட்கள் “லாக்கெட் காலத்தில் நூறு நூறாக அடித்தார்கள்” என்று ஆரம்பிப்பார்கள். 2008-இல் லான்ஸ் ஃப்ராங்க்ளினுக்குப் பிறகு யாரும் ஒரு சீசனில் 100 கோலைத் தொடவில்லை. 2022-இல் சார்லி கர்னோ 64 கோலிலேயே, அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் வாங்கிவிட்டார். தடுப்பு முறைகள் மாறிவிட்ட இந்தக் காலத்தில் ஆட்டத்துக்கு மூன்று கோல் என்பது கொண்டாட வேண்டிய கணக்கு. அப்புறம் மைதானம். கூரை மூடிய டாக்லாண்ட்ஸ் அரங்கில் ஜூலையிலும் பந்து காய்ந்திருக்கும். மற்ற இடங்களில் அது சோப்புக்கட்டி. இரண்டு இடத்து எண்களையும் சேர்த்துச் சராசரி போட்டுப் பேசுபவரிடம் நான் வாதம் செய்வதில்லை.

2024 ஜூன் 10, மன்னர் பிறந்தநாள் ஆட்டம். ஆண்டுதோறும் அன்று மெல்பர்ன் அணியும் காலிங்வுட்டும் மோதும்; ஆட்டத்துக்கு முன் பிரபலங்கள் மோட்டார் நியூரான் நோய் ஆராய்ச்சி நிதிக்காக ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் சறுக்கி விழுவார்கள். அன்று மெல்பர்னின் கிறிஸ்டியன் பெட்ராக்கா முதல் கால் பகுதியில் எதிரணிக்காரரின் முழங்கால் விலாவில் இடித்து வெளியே போனார். திரும்பி வந்து ஆடவும் செய்தார். பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தால் விலா எலும்புகள் முறிந்து, நுரையீரலில் ஓட்டை, மண்ணீரல் கிழிந்திருந்தது. சீசன் அத்தோடு முடிந்தது. திரும்பி வந்து ஆடிய அந்த நேரத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது? காயம் என்று வெளியே தெரிந்ததால் இதைப் பேசுகிறோம். தெரியாமல் விரலில் பிளாஸ்டர், தோளில் ஊசி என்று ஓடிக்கொண்டிருப்பவர்களை ‘மந்தம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

இன்னொன்று, புள்ளிப்பட்டியலின் வெளிச்சம் ஆட்டக்காரர்மீதும் அடிக்கிறது. 18 அணிகள், ஆளுக்கு 23 ஆட்டம். அதாவது 17 எதிரிகளில் ஆறு பேரை மட்டும் இரண்டு முறை சந்திக்க வேண்டும். யார் அந்த ஆறு, எவர் எப்போது என்பது அணிக்கு அணி வேறு. முதல் பாதி சுலபமாக அமைந்த அணியில் எல்லோரும் சூரர்களாகத் தெரிவார்கள். 2022-இல் மெல்பர்ன் முதல் பத்து ஆட்டமும் வென்றது. செப்டம்பரில் ஆடிய இரண்டும் தோற்று வீட்டுக்குப் போனது. 2024-இல் சிட்னி முதல் 14-இல் 13 வென்றது. அதே சீசனில் முதல் மூன்றும் தோற்றுத் தொடங்கிய பிரிஸ்பேன், இறுதிப்போட்டியில் சிட்னியை 60 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அன்று நார்ம் ஸ்மித் பதக்கம், அதாவது ஆட்ட நாயகன் விருது, வில் ஆஷ்கிராஃப்டுக்கு. முந்தைய ஆண்டு ஜூலையில் முழங்கால் தசைநார் அறுந்தவர்; 2024 ஜூன் பிறந்தபோது அந்த சீசனில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. எந்த அரையாண்டுப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்திருக்க வழியில்லை.

கிளப்காரர்கள் இதில் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள். பாதி சீசனில் அவர்கள் கீழ்மட்ட லீகுகளைத் துழாவி ஆள் எடுக்கிறார்கள். 2019-இல் அந்த ஏற்பாட்டை லீக் மறுபடி கொண்டுவந்தது. அந்த ஆண்டே ரிச்மண்ட் அப்படி மார்லியன் பிக்கெட்டை எடுத்தது. ஏஎஃப்எல் என்கிற இந்த லீகில் அவர் ஆடிய முதல் ஆட்டம் இறுதிப்போட்டி. அப்படி ஒருவர் அறிமுகமாவது 1952-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. கோலும் அடித்தார், ரிச்மண்ட் 89 புள்ளியில் ஜெயித்தது.

மெல்பர்ன் பக்கம் குளிர்காலத்தில் வர வாய்த்தால் ஒரு ஆட்டத்துக்குப் போங்கள். மேல் அடுக்கில் டிக்கெட் வாங்குங்கள். அங்கிருந்துதான் முழு மைதானமும் கண்ணுக்குள் வரும். ஒரு கால் பகுதி முழுக்கப் பந்தை விட்டுவிட்டு, பத்திரிகைகள் ‘ஃபார்ம் போச்சு’ என்று எழுதிய ஒரே ஒரு ஆளை மட்டும் பாருங்கள். யாரைத் துரத்துகிறார், எத்தனை தடவை பந்து வராத இடத்துக்கும் ஓடிப் போய் நின்றார் என்று கவனியுங்கள். மதிப்பெண் போட ஆசையாக இருந்தால் அதற்கப்புறம் போடுங்கள்.