மணற்காட்டில் ஒரு காலை

பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே கரையோரமாகச் செல்பவர்க்கு, வல்லிபுர ஆழ்வார் கோயிலைக் கடந்ததும் வடமராட்சியின் முகமே மாறிவிடும். பனங்கூடலும் தோட்டங்களும் பின்தங்க, வெண்மணற் குன்றுகள் அலையலையாய் எழுகின்றன. அவற்றின் நடுவே மணற்காடு. சவுக்கந்தோப்பின் இரைச்சலையும் கடலின் இரைச்சலையும் பிரித்தறிதல் அங்கே எளிதன்று. மணலிற் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்களைக் காணவே பலரும் வருகின்றனர். வருவோர் தோளிற் பெரும்பாலும் ஒரு படப்பெட்டி தொங்கும்.

அந்தப் படப்பெட்டிக்கு இவ்விடத்தைவிடக் கொடிய பகை வேறில்லை. நான் முதன்முறை சென்றபோது இதனை அறிந்திலேன்.

என் பெரியம்மா அவ்வூரிற் பிறந்தவர். "அந்தச் சுவரடியிலை நிண்டு ஒரு படம் எடுக்கவேணும், தம்பி" என்று நெடுநாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் விடியலில் அழைத்துச் சென்றேன். குன்றேறியதும் வில்லையில் மங்கல் படர்ந்திருக்கக் கண்டு, தோளிற் கிடந்த சால்வையின் நுனியால் அழுத்தித் துடைத்தேன். கண்ணாடி பளிச்சிட்டது. கடல்மேல் எழுந்த ஞாயிற்றை எதிர்நோக்கியவாறு படமும் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால், வில்லையிற் புதிதாய் விழுந்த கீறல்கள் ஒளியைச் சிதறடித்து, அவர் முகத்தின்மேல் வெண்புகை போர்த்தியிருந்தன. மறுமுறை அழைத்துச் செல்லலாமென்றிருந்தேன். அவ்வாண்டு மாரிக்குள் அவர் காலமானார்.

நெல்லியடியில் முன்னர் படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்த முதியவரொருவர், என் வில்லையைச் சாளரத்து வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, நீர் துடைக்கேல்லை, மணற்கடதாசி போட்டிருக்கிறீர்" என்றார்.

அவர் சொல் மிகையன்று. அம்பன் பக்கத்து மணலிற் சிலிக்கா மிகுதி. கண்ணாடி வார்க்க ஏற்ற மணல் அது. ஆயினும் மோசு என்னும் கடின அளவையில் அப்பளிங்குத் துகள் 7. சாதாரண கண்ணாடியோ ஏறக்குறைய 5½. வில்லையின்மேல் ஒளி தெறியாதிருக்கப் பூச்சும் உண்டு. 1935ஆம் ஆண்டில் சைசு நிறுவனத்து அலெக்சாண்டர் சுமக்குலா வகுத்த வழி அது. அதில் ஒரு படையின் கனம் மில்லிமீற்றரிற் பத்தாயிரத்தில் ஒரு பங்களவே. என் சால்வைக்கு அது எம்மாத்திரம்!

துடைத்தலைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளும்படி முதியவர் கூறினார். முதலில் வில்லையைக் கீழ்நோக்கிப் பிடித்து, இறப்பர் ஊதுகுமிழால் மணலை ஊதிவிடல் வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். எஞ்சியதை மென்தூரிகையால் தட்டலாம். கடற்காற்றின் உப்புத்திவலை காய்ந்து படிந்திருப்பின், வடித்த நீரில் ஈரமாக்கிய வில்லைத்தாள் அதனைக் கரைத்தெடுக்கும். நீரைத் தாளிலேயே விடுக. கண்ணாடியில் விட்டால் விளிம்பு வழியே உள்ளே கசியும். பின்னரே தூய மென்துணியால், அழுத்தாது, நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாய்த் துடைக்கலாம்.

வில்லையின் முன்னே திருகும் ஊதாகடந்த வடிகட்டியொன்றையும் வாங்கச் சொன்னார். மணல் அதிற் படட்டும். கெட்டால் வேறொன்று வாங்கலாம். எனினும் அதையும் இதே பக்குவத்துடன் துடைத்தல் வேண்டும். கீறிய வடிகட்டியாலும் அதே வெண்புகைதான். ஞாயிற்றை எதிர்நோக்கி எடுக்கையில் மட்டும், காற்றுப்படாத சுவர்மறைவில் நின்று அதைக் கழற்றலாம். வீட்டில் தோலுறைக்குள் மூடிவைத்தால் மாரியிற் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப்புகாப் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொதியும் போதும். அரிசிக்குள் புதைப்பாருமுளர்; மாத்தூசியை வலிந்து தேடிக்கொள்வானேன்?

பங்குனி மாதத்துக் காலையொன்றில் மீண்டும் சென்றேன். காற்று அன்றும் குறையவில்லை. சுவர்மறைவில் வடிகட்டியைக் கழற்றியபோது புரியிற் கிறீச்சென்றொரு ஒலி. மணல் அதுவரை வந்திருந்தது. முதியவர் சொன்ன முறைப்படி ஊதித் துடைத்தேன். சுவர் படத்தில் கல் கல்லாய்த் தெளிந்து விழுந்தது. பழைய கீறல்களால் ஒரு மூலையில் மட்டும் சிறு வெண்மை. பெரியம்மா நின்ற இடத்தில், காலை நிழல் நீண்டு கிடந்தது.