கிண்டி டூ குரோம்பேட்டை, வழி பல்லாவரம்

கிண்டியில் பஸ் ஏறினால் நான் இறங்க வேண்டிய இடம் பல்லாவரம். ஆனா மூணு வருஷமா நான் எடுத்த டிக்கெட் எல்லாமே குரோம்பேட்டைக்கு. காசு ஜாஸ்தியாகி இல்லைங்க. எனக்கு 'ப' வராது. வரும், ஆனா அது வந்து சேர்றதுக்குள்ள கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போயிடுவார். 'கு' மட்டும் நம்ம தோஸ்த், கூப்பிட்டா உடனே வரும். அதனால குரோம்பேட்டைக்குக் காசு கொடுத்துட்டு, அதுக்கு முன்னாடியே பல்லாவரத்துல நைசா இறங்கிடுவேன்.

எனக்குத் திக்கும். கூடப் படிக்கிற பாதிப் பேருக்கு இதை இப்பப் படிச்சுதான் தெரியும். அவ்ளோ கெட்டிக்காரத்தனமா மறைச்சு வெச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், போன செமஸ்டர் செமினார் வரைக்கும்.

அந்த செமினாரை ஒரு நண்பன் போன்ல வீடியோ எடுத்து, "மச்சி, சூப்பரா பேசினடா"ன்னு அனுப்பியிருந்தான். பஸ்ஸுல இயர்போன் இல்ல, அதனால சத்தத்தை அணைச்சுட்டுப் பார்த்தேன். அதுதான் வினையாப் போச்சு. ஒருத்தன் நிமிஷத்துக்கு ரெண்டு தடவை கண்ணை இறுக்கி மூடுறான். கழுத்துல சுளுக்கு விழுந்த மாதிரி தலையை வலப்பக்கம் வெட்டுறான். கை தொடையில தாளம் போடுது. சத்தம் இல்லாததால பேச்சுல திக்கினது எதுவும் தெரியல. திக்காம இருக்க நான் அடிச்ச கூத்து மட்டும்தான் தெரிஞ்சது.

இதுக்குப் பேரே இருக்கு: இரண்டாம் நிலை நடத்தைகள். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வர்றது, இழுத்துக்கிட்டே போறது, சத்தமே வராம அடைச்சுக்கிறது, இதெல்லாம் திக்கலோட மூலம். அதுலேர்ந்து தப்பிக்க நாம சேர்த்துக்கிறது இரண்டாம் நிலை. அடைப்பு வந்தப்புறம் அதை உடைக்கத் தலையை வெட்டுறது ஒரு வகை. அடைப்பே வராம இருக்க வார்த்தையை மாத்திக்கிறது இன்னொரு வகை.

தலைவெட்டு எனக்கு எட்டாம் வகுப்புல வந்தது. ஏதோ ஒரு வார்த்தை தொண்டையில சிக்கினப்ப யதேச்சையா தலையைத் திருப்பினேன், வார்த்தை விழுந்துடுச்சு. மூளை உடனே கணக்குல எழுதிக்கிச்சு. அடுத்த தடவை சிக்கினப்ப மறுபடியும் வெட்டு. ஒரு மாசத்துல அந்த வித்தை வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, ஆனா வெட்டு மட்டும் நிக்கல. அதுக்கு உதவியா கண்ணு மூடுறது சேர்ந்துச்சு, அப்புறம் தொடைத் தாளம். வாடகை கொடுக்காத குடித்தனக்காரங்க மாதிரி எல்லாரும் உள்ளேயே தங்கிட்டாங்க.

அமெரிக்காவுல வெண்டல் ஜான்சன், சார்லஸ் வான் ரைப்பர்னு ரெண்டு பேர். ரெண்டு பேருமே திக்குறவங்க, ரெண்டு பேருமே திக்கல் ஆராய்ச்சியில பெரிய தலைகள். திக்கிடக் கூடாதேன்னு நாம பண்ற முயற்சியே திக்கலா ஆகிடுதுங்கிறது ஜான்சனோட வாதம். வான் ரைப்பரோட சிகிச்சையில முதல் படி, நீ என்னென்ன பண்றேன்னு நீயே கண்டுபிடிக்கிறது. சரி, கண்டுபிடிப்போம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல கண்ணாடி முன்னாடி நின்னேன். சுத்த வேஸ்ட். தனியா பேசும்போது எனக்குத் திக்கவே திக்காது. திக்குறவங்க நிறைய பேருக்கு அப்படித்தான். ("கண்ணாடி பார்த்துப் பேசிப் பழகு தம்பி" என்று இதுவரை அறிவுரை சொன்ன பெரியவர்கள் கவனிக்க.) அதனால செமினார், ஒரு போன் பேச்சு, வீட்டுல சாப்பாட்டு நேரம்னு மூணு வீடியோ தயார் பண்ணினேன்.

கிளின்டன் ரைலிங்கிறவர் 1972-ல வெளியிட்ட ஒரு அளவுகோல் இருக்கு. அதுல உடம்பு பண்ற சேட்டைக்குத் தனி மார்க்: தேவையில்லாத சத்தம், முகம், தலை, கை கால். ஒவ்வொண்ணுக்கும் 0-லேர்ந்து 5 வரை, மொத்தம் 20. உத்துப் பார்த்தாத்தான் தெரியும்னா 1, பார்க்கிறவங்க கவனத்தைக் கலைக்குதுன்னா 3, பார்க்கவே வேதனையா இருந்தா 5. சிகிச்சை கொடுக்கிறவங்க போட வேண்டிய மார்க்குதான், இருந்தாலும் செமினாருக்கு நானே போட்டேன். சத்தம் 1, முகம் 3, தலை 4, கை கால் 3. ஆக 11.

நம்ம மார்க்கை நாமே போட்டா செல்லுமா? அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு முழுசாப் பார்த்தாங்க. நாலுக்கும் சைபர்.

"அம்மா, தலையைப் பாரு, எப்படி வெட்டுறேன்!"

"நீ எப்பவும் அப்படித்தானேடா பேசுவ?"

சிரிச்சேன். அம்மா சிரிக்கல. "நாக்குல வசம்பு சரியா உரசி வெக்கலைன்னு உங்க பாட்டி சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எனக்குத்தான் பொறுமை இல்ல"ன்னாங்க. இருபது வருஷமா இதை மனசுல போட்டு வெச்சிருக்காங்க! வசம்பும் இல்ல, நீ திட்டினதும் இல்ல, மரபணு, மூளை பேச்சை இயக்குற விதம், இதெல்லாம்தான் காரணம்னு விளக்கினேன். தலையாட்டினாங்க. நம்பின மாதிரி தெரியல.

அப்புறம் சாப்பாட்டு வீடியோவை ஓட்டினப்பதான் கவனிச்சேன். நான் "ப"ல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். எதிர்ல அம்மா கரண்டியைப் பிடிச்ச கை அப்படியே நிக்குது, மூச்சை அடக்கியிருக்காங்க, உதடு ரெண்டும் "ப"வுக்கு மூடியிருக்கு. எனக்கு வார்த்தை வெளிய வந்ததும்தான் குழம்பு தட்டுல விழுது. அதுக்கு மார்க் போட ரைலி அளவுகோல்ல இடமில்ல. நானும் அம்மாகிட்ட அதைக் காட்டல, வீடியோவை அழிச்சுட்டேன்.

ஆனா இந்த 11 மார்க்குல குரோம்பேட்டை டிக்கெட் வரவே இல்லையே? வராது. ஜோசப் ஷீஹன்னு இன்னொருத்தர், அவரும் திக்குறவர்தான், திக்கலைப் பனிப்பாறைன்னார். வெளியில தெரியறது கொஞ்சம், தண்ணிக்குள்ள இருக்கிறதுதான் மலை. அந்தத் தண்ணிக்குள்ள பார்க்க ஜெரால்டு வூல்ஃபோட வினாப்பட்டியல் உண்டு, 1967-ல வந்தது. 60 வாக்கியம்: போராடுறது, தவிர்க்கிறது, வரப்போகுதேன்னு எதிர்பார்க்கிறது, ஒவ்வொண்ணுக்கும் 20. உனக்குப் பொருந்துறதை டிக் பண்ணணும். எனக்குப் போராட்டம் 9, எதிர்பார்ப்பு 11, தவிர்ப்பு 17.

பதினேழு! பரோட்டா கேக்காம இட்லி தின்னது, "பிரசென்ட் சார்" சொல்லாம "எஸ் சார்" சொன்னது, பதில் தெரிஞ்சும் "தெரியல சார்"னு நின்னது, எல்லாம் அதுல அடக்கம். அப்புறம் நம்ம "வந்து". தமிழ்ல எல்லாரும் "வந்து... வந்து..."ன்னுதான் பேசுறாங்க, அதனால நான் அதை ஊன்றுகோலா வெச்சிருக்கிறது யாருக்கும் தெரியாது. தமிழ்த்தாய் திக்குறவங்களுக்குன்னே பெத்துப் போட்ட வார்த்தை :)

ஒரு வாரம் வீம்பா தலையை ஆட்டாம இருந்து பார்த்தேன். ஷூவுக்குள்ள கால் விரல் வேலையை ஏத்துக்கிச்சு. அடக்குறது வழியில்ல போல. திக்குறதை மறைக்காம, மெதுவா, இழுபறி இல்லாமத் திக்கக் கத்துக்கணும்னுதான் வான் ரைப்பரும் சொல்றார். அதுக்குப் பயிற்சியாளர் வேணும், தேடிக்கிட்டிருக்கேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கிண்டி. பஸ்ஸுல நல்ல கூட்டம். கண்டக்டர் என்னைப் பார்த்து, "எங்க?"

"ப..." அடைச்சுக்கிச்சு. தலை கிளம்பிடுச்சு, பாதியில பிடிச்சேன். கண்ணை மூடல. அவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னேன். பின்னாடி யாரோ 'உச்' கொட்டினாங்க. "ப... ப... பல்லாவரம். ஒண்ணு."

டிக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டே கண்டக்டர் சொன்னார்: "சில்லறையா குடுப்பா."