70 லட்சம் பேர் பார்த்த சிறந்த கதை... 70 லட்சம் பேர் பார்த்த மோசமான கதை!

1984 மார்ச் மாதம். பிரிட்டனின் பி.பி.சி ஒன் சேனலில் 'டாக்டர் ஹூ' தொடரின் இரண்டு கதைகள் அடுத்தடுத்து ஒளிபரப்பாயின. முதலில் 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோஸானி'. அது முடிந்த அடுத்த வாரமே 'தி ட்வின் டைலமா'. இரண்டுமே தலா நான்கு எபிசோடுகள்.

25 ஆண்டுகள் கழித்து, 2009-ல், 'டாக்டர் ஹூ மேகஸின்' அதுவரை வந்த 200 கதைகளையும் வரிசைப்படுத்தச் சொல்லி வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. ஆண்ட்ரோஸானிக்கு முதலிடம். ட்வின் டைலமாவுக்கு 200-வது இடம். ஒரே தயாரிப்பாளர், ஒரே சேனல், சில நாள்கள்தான் இடைவெளி. ஒன்று உச்சியில், இன்னொன்று அதலபாதாளத்தில்!

எனக்கு இதில் ஆச்சர்யம் வேறு. ஒளிபரப்பானபோது இந்த இரண்டையும் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். சராசரியாக ஓர் எபிசோடுக்கு 70 லட்சம் பேர். அந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எது தங்கம், எது தகரம் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

யார் இந்த டாக்டர்?

பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 'டாக்டர்' என்பவர் வேற்றுக்கிரகவாசி. நீல நிற போலீஸ் பாக்ஸ் வடிவத்தில் இருக்கும் 'டார்டிஸ்' என்ற இயந்திரத்தில் ஏறி, எந்தக் காலத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் போவார். சாகும் நிலை வந்தால் அவர் உடலே மாறிவிடும். புது முகம், புது சுபாவம், ஆனால் அதே ஆள். நடிகர் மாறினாலும் தொடர் நிற்காமல் ஓட இது வசதியாகிவிட்டது. 1963 நவம்பர் 23-ம் தேதி, அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாள், முதல் எபிசோடு வந்தது.

எனக்கு இந்தத் தொடரை அறிமுகப்படுத்தியவர் கல்லூரி சீனியர் அக்கா ஒருவர். "வேற எதுவும் பார்க்க வேணாம், இந்த ஒண்ணை மட்டும் பாரு" என்று சொல்லி, 2007-ல் வந்த 'பிளிங்க்' எபிசோடைப் போட்டுக் காட்டினார். நாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நகர்ந்துவரும் சிலைகளைப் பற்றிய கதை. அதன்பிறகு ஒரு வாரம், கல்லூரி வாசலில் நின்ற நிறுவனர் சிலையை ஓரக்கண்ணால் பார்த்தபடிதான் கடந்துபோனேன்.

ரசிகையான பிறகுதான் தெரிந்தது, டாக்டர் ஹூ ரசிகர்களின் முக்கியமான வேலை தொடரைப் பார்ப்பது இல்லை, அதைப் பற்றிச் சண்டை போடுவது! "அந்தக் காலம்தான் பொற்காலம்", "இப்போது எழுதுபவருக்கு எழுதவே தெரியவில்லை", "பிடிக்கவில்லை என்றால் எதற்கு இத்தனை லட்சம் பேர் பார்க்கிறார்கள்?", "லட்சம் பேர் பார்த்தால் நல்லதாகிவிடுமா?" அறுபது ஆண்டுகளாக நடக்கும் பஞ்சாயத்து இது. தீர்ப்புதான் வரவில்லை.

எண்ணிக்கை சொல்லும் கதையும், சொல்லாத கதையும்

தொடரின் வரலாற்றிலேயே அதிகம் பேர் பார்த்த எபிசோடு எது? 1979-ல் வந்த 'சிட்டி ஆஃப் டெத்' கதையின் நான்காவது பகுதி. 1 கோடியே 60 லட்சம் பேர். பாரிஸில் படமாக்கப்பட்டது, எழுத்தில் டக்ளஸ் ஆடம்ஸின் பெரும்பங்கு என்று பெருமைகள் நிறைய உண்டு. ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் கதைதான். ஆனால், அந்தச் சாதனைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்போது போட்டி சேனலான ஐ.டி.வி-யில் வேலைநிறுத்தம். மாற்றிப் பார்க்க எதுவும் இல்லை!

இதற்கு நேர் எதிர், 1987 முதல் 1989 வரையிலான சீசன்கள். பிரிட்டன் குடும்பங்கள் தவறவிடாத 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' சீரியல் ஓடும் நேரத்தில் கொண்டுபோய் டாக்டர் ஹூ-வை வைத்தார்கள். பார்வையாளர்கள் சுமார் 50 லட்சத்துக்கு இறங்கினார்கள். 1989-ல் தொடர் நின்றது. அந்தக் கடைசி ஆண்டுகளில் வந்த 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்', 'தி கர்ஸ் ஆஃப் ஃபென்ரிக்' போன்ற கதைகள் இன்று ரசிகர்களின் பட்டியல்களில் மேல்வரிசையில் இருக்கின்றன.

பி.பி.சி-க்கும் இந்தச் சிக்கல் தெரியும். அதனால்தான் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு, பார்த்தவர்களுக்கு எவ்வளவு பிடித்தது என்று 100-க்கு மதிப்பெண்ணும் கேட்டு வாங்கியது. 2008-ல் வந்த 'ஜர்னீஸ் எண்ட்' எபிசோடு, அந்த வாரம் பிரிட்டனில் அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சியாகவும் இருந்தது, 91 மதிப்பெண்ணும் வாங்கியது. கூட்டமும் கொண்டாட்டமும் ஒன்றாக வரும் நாள்களும் உண்டு.

நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். இந்த நிமிடம் எந்தக் கட்டுரையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது எங்கள் கண்முன்னே திரையில் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று நாள் அலைந்து எழுதிய கட்டுரையை, பத்து நிமிடத்தில் எழுதிய தங்கம் விலைச் செய்தி சாதாரணமாகத் தாண்டிப்போகும். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவருக்கு இன்று அந்த விலைதானே முக்கியம்? எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது என்பதை எண்ணிக்கை நேர்மையாகவே சொல்கிறது. எத்தனை நாள் மனதில் நிற்கும் என்பது அதன் வேலை இல்லை.

திட்டிய பையன் திரும்பி வந்தான்

இந்தச் சண்டையின் சுவையான கிளைக்கதை ஒன்று உண்டு. 1986-ல் 'தி ட்ரையல் ஆஃப் எ டைம் லார்ட்' என்ற 14 எபிசோடு கதை வந்தது. அதைப் பற்றிப் பேச, பி.பி.சி-யின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சிக்கு ரசிகர்கள் சிலரை அழைத்தார்கள். அதில் ஒரு டீன் ஏஜ் பையன், அந்தக் கதையில் பங்காற்றிய எழுத்தாளர்களின் எதிரிலேயே குறைகளை அடுக்கினான். பையனின் பெயர் கிறிஸ் சிப்னல். 32 ஆண்டுகள் கழித்து, 2018-ல், அதே தொடரின் தலைமை எழுத்தாளராக அவர் பெயர் திரையில் வந்தது!

முதன்முதலாக ஒரு பெண், ஜோடி விட்டேக்கர், டாக்டராக நடித்தது சிப்னலின் காலத்தில்தான். முதல் எபிசோடை ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த சீசனின் சராசரியும் முந்தைய சீசனைவிட அதிகம். ஆனால் ரசிகர்களில் ஒரு பெரும்பகுதி, "எழுத்து சரியில்லை" என்று குமுறியது. 1986 வீடியோவைத் தேடியெடுத்துப் பகிர்ந்து, "இப்போது உங்கள் முறை" என்று சிரித்தார்கள். எனக்கு அந்த வீடியோவில் தெரிவது வேறு. அவ்வளவு கோபப்பட அந்தப் பையனுக்கு அந்தத் தொடர் அவ்வளவு வேண்டியிருந்தது. வேண்டாதவர்கள் சேனலை மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

அதே சீசனில்தான் நம் மண்ணைத் தொட்ட ஒரு கதையும் வந்தது. வினய் பட்டேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்'. டாக்டருடன் பயணிக்கும் யாஸ்மின் கான், தன் பாட்டியின் இளமைக்காலத்தைப் பார்க்க 1947-க்குப் போகிறாள். பிரிவினை நாளில், முஸ்லிமான பாட்டிக்கும் பிரேம் என்ற இந்து இளைஞனுக்கும் கல்யாணம். வேற்றுக்கிரகவாசிகள்தான் கொலைகாரர்கள் என்று முதலில் நினைக்கிறோம். அவர்களோ, யாருமில்லாமல் சாகிறவர்களுக்குத் துணையாக நிற்க வந்தவர்கள். பிரேமின் சாவுக்குக் காரணமாவது அவன் தம்பியின் வெறி.

ஆங்கிலத் தொடர் எதையும் பார்க்காத அப்பாவை உட்காரவைத்து, இதை மட்டும் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேய், பூதம்னு தலைப்பு வெச்சுட்டு, கடைசியில கூடப்பொறந்தவனைக் காட்டிட்டாங்களேம்மா" என்றார். "அந்த சீசனே குப்பை" என்று யாராவது மொத்தமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் அந்த வார்த்தைதான் நினைவுக்கு வரும். மொத்தத் தீர்ப்பில் காணாமல் போவது இப்படிப்பட்ட ஒற்றை எபிசோடுகள்தான்.

எந்தக் கணக்கில் வரும் இது?

'கூட்டம் வேண்டாம், தரம் போதும்' என்று சொல்வதும் சுலபம். அது பாதி உண்மை. 1989-க்குப் பிறகு, 1996-ல் வந்த ஒரு டி.வி படத்தைத் தவிர, 16 ஆண்டுகள் தொடர் இல்லை. அந்தக் காலத்தில் அதை உயிரோடு வைத்திருந்தது நாவல்களும் ஆடியோ நாடகங்களும், அவற்றை வாங்கிய சிறிய ரசிகர் கூட்டமும்தான். ஆனால் 2005-ல் ரஸல் டி டேவிஸ் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அந்தச் சிறு கூட்டத்துக்காக மட்டும் எழுதவில்லை. சனிக்கிழமை மாலை குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்காக எழுதினார். முதல் எபிசோடை 1 கோடி பேருக்கு மேல் பார்த்தார்கள். ரசிகர்கள் காப்பாற்றினார்கள், கூட்டம் வாழவைத்தது.

இப்போது மறுபடியும் சோதனைக்காலம். டிஸ்னியுடனான கூட்டு 2025-ல் முடிவுக்கு வந்துவிட்டது. 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு எபிசோடு உண்டு என்று பி.பி.சி அறிவித்திருக்கிறது. அதற்குள் "ரேட்டிங் போச்சு, தொடரும் போச்சு" என்று ஒரு கட்சி, "தரம் போனதால்தான் ரேட்டிங் போச்சு" என்று இன்னொரு கட்சி.

இரண்டு கட்சிக்கும் நான் சொல்ல விரும்புவது ஒரு பழைய கதை. ஆரம்பகால டாக்டர் ஹூ எபிசோடுகளின் டேப்புகளை பி.பி.சி பத்திரப்படுத்தவில்லை. பலவற்றை அழித்தேவிட்டது. 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால், தொலைந்த ஒவ்வொரு எபிசோடின் ஒலியும் நம்மிடம் இருக்கிறது. காரணம், அறுபதுகளில் தங்கள் வீட்டு டி.வி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவுசெய்த சில ரசிகர்கள். வீடியோ இல்லாத காலம். இன்னொருமுறை கேட்க வேண்டும் என்பது மட்டுமே அவர்களின் ஆசை.

அந்த நாளின் பார்வையாளர் கணக்கில் அவர்களும் ஆளுக்கு ஒன்றுதான். அவர்கள் பதிவுசெய்தவற்றில் சுமாரான கதைகளும் இருந்தன. அவர்கள் தரம் பிரித்துப் பதிவுசெய்யவில்லை. பிடித்திருந்தது, எடுத்து வைத்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து நாம் சண்டை போடுவதற்கு அந்தக் கதைகள் மிச்சமிருப்பது அவர்களால்தான்.