ராத்திரிக்கு என்ன ரேட்டு?

பாலிசின்னா எனக்கு எல்ஐசி தான் ஞாபகம் வரும். மார்ச் மாசம் ரசீதைத் தேடி வீட்டையே புரட்டிப் போடுவோமே, அது. ஆஸ்பத்திரி நிர்வாகம் சொல்ற பாலிசி வேற ரகம். பிரீமியம் கட்டறது ஒருத்தர், மெச்சூரிட்டி இன்னொருத்தருக்கு.

விஷயத்துக்கு வரேன். எங்க டில்லி குடியிருப்பில் கீழ்வீட்டில் நாலு நர்ஸ் பொண்ணுங்க சேர்ந்து தங்கியிருக்காங்க. மூணு பேர் கேரளா, ஒண்ணு நம்ம மார்த்தாண்டம். தங்கமணியை அக்கான்னு கூப்பிட்டு, ரசப்பொடி கடன் வாங்கி, வீட்டுப் பொண்ணாவே ஆயிடுச்சு. பொங்கலுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு ஒரு சுற்றறிக்கையும் சம்பள ஸ்லிப்பும் கொண்டு வந்துச்சு.

"அண்ணா, இதுல எங்களுக்குக் கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. ஹெச்ஆர்ல கூடியிருக்குன்னுதான் சொல்றாங்க."

பி.காம் படிச்சதுக்கு இப்படியாவது உபயோகம் வரணுமே. கணக்கு சுலபம். இதுவரைக்கும் ஒரு ராத்திரி ட்யூட்டிக்கு 300 ரூபாய். மாசம் எட்டு ராத்திரி பார்த்தா 2,400. புது ஏற்பாட்டில் அது ரத்து. பதிலா எல்லா நர்ஸுக்கும் 'ஸ்பெஷல் அலவன்ஸ்'னு மாசம் 1,500. பகல் ட்யூட்டி மட்டும் பார்க்கிறவங்களுக்கு 1,500 லாபம். இந்தப் பொண்ணுக்கு மாசம் 900 நஷ்டம், வருஷத்துக்கு 10,800. ஐசியூவில் பத்து ராத்திரி பார்க்கிற பொண்ணுக்குப் பாதிக்குப் பாதி போச்சு.

இதைப் போட்டவர் யாரோ, மூளைக்காரர். ஸ்லிப்பைப் பார்த்தா மாசச் சம்பளம் ஏறின மாதிரியே இருக்கும். பகல்காரங்க சந்தோஷமா இருப்பாங்க, ராத்திரிக்காரங்க தனியா நிப்பாங்க. கேட்டா ஒரே பதில்: "இது கம்பெனி பாலிசி."

எனக்கு இது உறைச்சதுக்குக் காரணம் நான் இருக்கிற தொழில். பேங்க்ல சம்பளம், படி எல்லாம் இரு தரப்பு ஒப்பந்தம், பைபார்ட்டைட் செட்டில்மென்ட். சங்கங்களும் ஐபிஏவும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டது. முதல் ஒப்பந்தம் 1966 அக்டோபர் 19, பன்னிரண்டாவது 2024 மார்ச் 8. அட்டெண்டர்களுக்கு சைக்கிள் அலவன்ஸ் கூட அந்தப் புத்தகத்தில் ஏறியிருக்கு. எந்த மேனேஜரும் ஒரு சுற்றறிக்கை அடிச்சு அதை நிறுத்திட முடியாது. (ஆபீசர்களுக்கு லேட் சிட்டிங்குக்கு நயா பைசா கிடையாது, அது தனி ஒப்பாரி. இன்னொரு பதிவில் பார்ப்போம்.)

சைக்கிளுக்கு இருக்கிற பாதுகாப்பு, விடிய விடிய நாலு வென்டிலேட்டரைப் பார்த்துக்கிட்டு நிக்கிற பொண்ணோட ராத்திரிக்கு இல்லை.

அமெரிக்காவில் இதுக்கு ஷிஃப்ட் டிஃபரென்ஷியல்னு பேர். யூனியன் இருக்கிற ஆஸ்பத்திரிகளில் ஒப்பந்தத்திலேயே எழுதிடுவாங்க. அப்படியும் சண்டை வரத்தான் செய்யுது. சாயங்காலம் ஆரம்பிச்ச ஷிஃப்ட் நடுராத்திரி தாண்டினா எந்த ரேட்? ராத்திரி முடிஞ்சு காலையில ரெண்டு மணி நேரம் கூட நின்னா அதுக்கும் ராத்திரி ரேட்டா? லீவு நாளைக்கு? ஒப்பந்தம் ஒண்ணு சொல்லும், நிர்வாகத்தோட பாலிசி புத்தகம் வேற சொல்லும். மோதினா ஒப்பந்தம் தான் நிக்கணும், இல்லேன்னா புகார், நடுவர்னு போகும். சங்கத்தோட பேசாம முதலாளி சம்பள விஷயத்தைத் தன்னிஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு அங்கே உச்ச நீதிமன்றம் 1962-லேயே காட்ஸ் வழக்கில் சொல்லியாச்சு. இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸுக்கு ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை 30 சதவீதம் கூடுதல், ஞாயித்துக்கிழமை 60. சங்கங்களும் நிர்வாகமும் ஒத்துக்கிட்டு அச்சடிச்ச கையேட்டில் இருக்கு, யார் வேணா படிக்கலாம்.

நம்ம ஊர்ல மத்திய அரசு கணக்கு இன்னும் தமாஷ். 2020 ஜூலை 13-ல் ராத்திரி ட்யூட்டி படிக்கு ஒரு உத்தரவு. பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை ராத்திரி. ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிஷம் கூடுதலா எண்ணணும், அதாவது எட்டு மணி நேரத்துக்கு 80 நிமிஷம். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ரெண்டையும் கூட்டி 200-ஆல் வகுத்தா ஒரு மணி ரேட். ஆனா அடிப்படை 43,600-க்கு மேலே போனா கிடையாது. மத்திய அரசு நர்ஸுக்கு ஆரம்ப அடிப்படையே 44,900! வேலையில சேர்ற அன்னிக்கே வரம்பைத் தாண்டியாச்சு. இந்த உச்சவரம்பை எதிர்த்து ஸ்டேஷன் மாஸ்டர்கள் அந்த வருஷமே போராடினாங்க.

தனியார் பக்கம் நடந்ததெல்லாம் மாசச் சம்பளத்தைப் பத்திதான். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைச்ச கமிட்டி, 200 படுக்கைக்கு மேலிருந்தா அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 50-க்குக் கீழேன்னா குறைஞ்சது 20,000-ன்னு சொன்னது. டில்லி அரசு 2018-ல் அதை உத்தரவாப் போட்டது, அடுத்த வருஷம் உயர் நீதிமன்றமும் சரின்னுது. கேரளாவில் 2011-லிருந்து நர்ஸுங்க தெருவில் இறங்கி, 2018 ஏப்ரலில் 20,000 அடிப்படையை வாங்கினாங்க. பெரிய சாதனை. ஆனா மாசத் தொகைக்கு மட்டும் தரை போட்டா, நிர்வாகம் ராத்திரிக் காசைக் கரைச்சு மாசக் காசா காட்டத்தான் பார்க்கும். என் சந்தேகம், இங்கே நடந்ததும் அதுதான்.

ராத்திரிக்குத் தனி விலை இல்லேன்னா விருப்பப்பட்டு யார் வருவாங்க? புதுசா சேர்ந்த பிள்ளைங்க தலையில விழும். நோயாளிக்குப் பக்கத்தில் அனுபவம் குறைஞ்ச கை இருக்கும், அதுவும் விடிகாலை மூணு மணிக்கு.

சட்டத்தில் ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தாச்சு, பழைய தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலா. சம்பளம், படி, வேலை நேரம் மாதிரி விஷயங்களில் பாதகமான மாற்றம் செய்யணும்னா 21 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். பழைய சட்டத்தில் 9ஏ பிரிவு, இப்போ 40. சங்கம் இல்லாட்டியும் பாதிக்கப்படற தொழிலாளிக்கு நோட்டீஸ் உண்டு.

ஒரு ஓட்டையும் இருக்கு. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஆஸ்பத்திரியும் 'தொழில்'தான்னு தீர்ப்பு வந்தது. புதுச் சட்டமோ, தர்ம காரியமே பிரதானமா இருக்கிற அமைப்புகள் நடத்தற நிறுவனங்களை வெளியே வைக்குது. அதனால உங்க வீட்டுப் பொண்ணு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில இருந்தா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் யார் பேர் இருக்குன்னு முதல்ல பாருங்க. ராத்திரி அலவன்ஸ் தொகை அந்த ஆர்டரிலேயே எழுதியிருக்கா, இல்லே 'பாலிசிப்படி'ன்னு மட்டும் இருக்கான்னும் பாருங்க. 'பாலிசிப்படி'ன்னா வாதாடப் பிடிமானம் கம்மி.

இந்தப் பொண்ணோடது நல்ல வேளையா ப்ரைவேட் லிமிடெட். ஏழு பேர் கையெழுத்து வாங்கி, 21 நாள் நோட்டீஸ் எங்கேன்னு மரியாதையா ஒரு கடிதம் எழுதினோம். டிராஃப்ட் அடியேனோடது, பேங்க் இங்கிலீஷ். தங்கமணி படிச்சுட்டு, "லோன் ரெக்கவரி நோட்டீஸ் மாதிரி இருக்கு"ன்னா. இருக்கட்டும்னு அனுப்பினோம்.

'பரிசீலனையில் உள்ளது'ன்னு ஒரு வரி பதில் வந்தது. அடுத்த மாச ரோஸ்டரில் அந்தப் பொண்ணுக்குப் பதினோரு ராத்திரி. பழைய ரேட்டில் 3,300 வந்திருக்கும், கைக்கு வந்தது 1,500.

இப்போ லேபர் ஆபீஸுக்கு மனு தயார். நாலு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. மீதி மூணு பேர் வீட்டில் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க.